மகஜரில் என் கையெழுத்து

எண்பதுகளில் எனக்கு ராஜபாளையத்தில் பலசரக்குக் கடை. எதிர்வீட்டுக்காரர் மில் தொழிலாளி. தரையில் கூட்டிய கழிவுப் பஞ்சைப் பொங்கலுக்கு ஆளுக்கொரு பை மில்லில் கொடுத்தனுப்புவார்கள். சீட்டு கீட்டு எதுவும் கிடையாது. எங்கள் தெருவில் அந்தப் பஞ்சு அடைக்காத தலையணையே இல்லை. என் வீட்டுத் தலையணையும் அவர் கொடுத்ததுதான்.

ஒருநாள் காலையில் ஏட்டையா இரண்டு போலீஸ்காரர்களோடு வந்து நின்றார். மில்லில் பஞ்சு களவு போய்விட்டதாம்.

"வாரண்ட் இருக்காய்யா?" என்று கேட்டார் எதிர்வீட்டுக்காரர்.

"களவுக்கு எதுக்குலே வாரண்ட்? தள்ளு."

பிறகு ஏட்டையா என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, தெருவுல மருவாதையான ஆளு நீங்கதான். சாட்சிக்குச் செத்த நேரம் நில்லுங்க."

மருவாதையான ஆள்! எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கடையில் ஒரு கண் வைத்துக்கொண்டு எதிர்வீட்டு வாசலிலேயே நின்றேன். உள்ளே தலையணை கிழிபடும் சத்தம் கேட்டது. எதை எங்கே எடுத்தோம் என்று எழுதவேண்டிய மகஜர்த் தாளை ஒன்றும் எழுதாமல் நீட்டி, "பொறவு எழுதிக்கிடுதோம்" என்றார் ஏட்டையா. போட்டேன் கையெழுத்தை, மடையன். எதிர்வீட்டுக்காரரைக் கையோடு கூட்டிப் போனார்கள். விடுதலையானால் வேலை, இல்லாவிட்டால் இல்லை என்றது மில்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் அந்த மகஜரை வாசித்தார்கள். கட்டிலுக்கடியில் மில் முத்திரையோடு பஞ்சு மூட்டை இருந்ததாம்! அவருடைய வக்கீல் எழுந்தார். களவென்றால் வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம். ஆனால் வீட்டைச் சோதிப்பதற்குக் காரணத்தை முன்னதாக எழுதவேண்டும், உள்ளூர்ச் சாட்சி கண்ணால் பார்க்கவேண்டும் என்றார். என்னிடம் கேட்டார்: "நீங்கள் உள்ளே போய்ப் பார்த்தீர்களா?"

அந்த வீட்டுக்குச் சட்டம் வைத்த காவலே நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. கதவோரம் ஏட்டையா நின்றுகொண்டிருந்தார். ஸ்டேஷனுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் என் கடை.

"பார்த்தேன்" என்றேன். தூ!

தீர்ப்பு நாளன்று வீட்டில் இருப்புக்கொள்ளாமல் நானும் போனேன். ஆறு மாதம் என்றார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் முன்சீட்டில் எதிர்வீட்டுக்காரர் மனைவி இருந்தார். மம்சாபுரம் விலக்கு தாண்டியதும் திரும்பினார்.

"அண்ணாச்சி, நீங்க வாசல்லதான நின்னீக?"

"ஆமா தாயி."

"அம்புட்டுத்தான். கேக்கணும்னு தோணிச்சு" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.