படங்குச் சாக்கோடு படகேறினேன்

எழுபதுகளின் கடைசி. தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த நான், வெளிநாட்டுப் பயணிகளை ரப்பர் படகில் ஏற்றி, நாட்கணக்கில் ஆற்றோடு கூட்டிப்போகும் வழிகாட்டி வேலைக்குப் பயிற்சி எடுத்தேன். தோட்டத்து லயத்து அறையை விட்டுப் போக எனக்கு அது ஒன்றுதான் வழியாகத் தெரிந்தது.

பயிற்சி கொடுத்தவர் பதுளை டவுனைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அண்ணன்; நானா என்று கூப்பிடுவோம். முன்பு கடற்படையில் இருந்தவர். பயிற்சியின் கடைசி வாரத்தில் ஒரு நாள் நல்ல குளிர். மலையில் வேலை செய்யும்போது ஈரம் படாமல் இடுப்பில் சுற்றிக் கயிற்றால் கட்டும் படங்குச் சாக்கை வழக்கம்போலக் கட்டி, அதன்மேல் மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

பதுளை ஓயா ஆற்றின் ஒரு வளைவில் படகு கவிழ்ந்தது. தண்ணீரில் ஊறிய சாக்கு கல்லிடுக்கில் மாட்டி என்னை உள்ளேயே பிடித்துக்கொண்டது. நனைந்து இறுகிய முடிச்சு அவிழவில்லை. நானா கயிற்றைக் கத்தியால் அறுத்துத்தான் என்னைக் கரையேற்றினார்.

"நாளைக்கு இதக் கட்டாம வாறேன் நானா" என்றேன்.

"நாளைக்கு வர வாணாம் தம்பி. வழிகாட்டி செய்றதப் பாத்துத்தான் பயணியும் செய்வான். கம்பனி ஒன்னைய எடுக்காது."

மறுநாள் காலை, தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் போய் நின்றேன். கங்காணி என் பெயரையும் அன்றைய வேலைக்குப் பதிந்தார்.

இப்போதெல்லாம் படங்கை, ஒரு நுனியை இழுத்தால் அவிழ்கிற முடிச்சாகத்தான் போடுகிறேன். "மலையில எந்த வெள்ளம் வரப்போகுதுன்னு இப்படி முடியுறீங்க?" என்கிறாள் என் மனைவி. வராதுதான். அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போக எனக்கு இடமும் இல்லை.