அழுக்கு தெரியாத நிறம்

என் கணவரின் வருடத் திதி முடிந்துவிட்டது. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கலாம் என்று இன்று அல்சூரில் இருக்கும் பெயிண்ட் கடைக்குப் போனேன்.

ஒவ்வொரு முறையும் நான் மயில் நீலம் கேட்பேன். அவரோ, "சந்தன கலரே போதும், அழுக்கு தெரியாது" என்று முடித்துவிடுவார். இத்தனைக்கும் அந்த அழுக்கே அவருடையதுதான். எண்ணெய்த் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டுதான் பேப்பர் படிப்பார்.

இன்று மயில் நீலம் என்றதும் கடைக்காரர் தயங்கினார். "ஹாலுக்கு வேணாம்க்கா. சீக்கிரம் அழுக்காயி பேஜாராயிடும்."

"அழுக்கு பண்ற ஆள் இப்ப இல்லண்ணா" என்றேன். சண்டைக்குக் கிளம்பிய குரல் பாதியிலேயே உடைந்துவிட்டது.

கடைக்காரர் நீலத்தைக் கலந்து கொடுத்தார்.

அடுத்த வாரம் சுவர் காய்ந்துவிடும். வீட்டுக்கு வருகிறவர்கள் தாராளமாகச் சாய்ந்து உட்காரலாம். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது.