பொத்தான் டப்பாவில் இந்துப்பு

தையல்கார அத்தை ஏப்பம் விட்டால் ஏழு தெரு தள்ளிப் போகும் ரயிலே நின்று வழிவிடும். எல்லாம் பொத்தான் டப்பாவில் அவள் வைத்திருந்த இந்துப்பின் மகிமை. வயிறு உப்பினால் ஒரு கல்லை வெந்நீரில் போட்டுக் குடிப்பாள். டாக்டர் என்றால் மட்டும் காது கேட்காது.

ஒரு மாதமாக வயிற்று வலி விடவில்லை. உப்பு தோற்றால்தான் அத்தை வழிக்கு வருவாள் என்று, அண்ணன் மகள் டப்பாவிலிருந்த உப்பை எடுத்துவிட்டுக் கற்கண்டைப் போட்டாள்.

அத்தை குடித்தாள். தையல் மெஷின் அதிர ஏப்பம் விட்டாள்.

"பாத்தியா, உப்புன்னா உப்புதான்."

அண்ணன் மகளின் முகம் தொங்கிப்போயிற்று. அத்தை டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள். பொத்தான்களுக்கு நடுவே எறும்புகள் சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தன.

"உப்புக்கு எறும்பு வருமாடி? ஏப்பம் சும்மா உனக்காக விட்டது. வலி அப்படியேதான் இருக்கு. நாளைக்கு டாக்டர்கிட்டப் போலாம், நீயும் வா. உன் கொழுப்புக்கு ஒரு ஊசி போடச் சொல்றேன்."