மின்னு கால் வைக்காத மூலை

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள். பேய் என்று சொன்னவர்களை நானும் கிண்டலடித்தவன்தான். ஆனால் போன ஜனவரியில், அரியலூர் ரோட்டில், இது எனக்கே நடந்தது.

என் பெயர் அறிவரசன், குன்னத்துக்காரன். ஜெயங்கொண்டம் பக்கம், முந்திரித் தோப்புக்குள் இருக்கும் குதிரைப் பண்ணையில் வேலை. மின்னு என்ற பெட்டைக் குதிரையைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது. எனக்கு முன்னால் அவளைப் பார்த்துக்கொண்ட மாயவன் வேலையை விட்டுவிட்டார் என்று சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை சென்னையில் பெரிய ரேஸ். மூன்று வயதுப் பெட்டைகள் மட்டும் ஓடுவது. தவறினால் மின்னுவுக்கு அடுத்த வருடம் என்பதே கிடையாது. அவள் ஜெயிப்பாள் என்று பேப்பரிலேயே போட்டிருந்தார்கள்.

குதிரையை வேனில் ஏற்றினால் பார்த்துக்கொள்பவனும் அதன் கூடவே பின்னால் ஏற வேண்டும். அதுதான் வழக்கம். இடது மூலையில் ஆள் ஏறும் சின்னக் கதவு. தாழ்ப்பாள் வெளியே. டிரைவர் இளையபெருமாள் வந்து திறந்தால்தான் நான் இறங்க முடியும்.

மாலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். ஏறியதிலிருந்தே மின்னு வலது சுவரோடு ஒட்டி நின்றாள். இடது மூலைப் பக்கம் ஒரு காலைக்கூட வைக்கவில்லை. இழுத்துப் பார்த்தேன்... ம்ஹூம். பிடிவாதக்காரி என்று செல்லமாகத் திட்டிவிட்டு விட்டுவிட்டேன்.

அரியலூர் தாண்டியதும் வேன் நின்றது. முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகளின் வரிசை. நகரவே இல்லை. உள்ளே விளக்கு எரியவில்லை. என் போன் முன்சீட்டில் சார்ஜில் கிடந்தது. ஆறே முக்காலுக்கெல்லாம் என் கையே எனக்குத் தெரியவில்லை.

மின்னு கிளம்பியதிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை. அடக்கி வைத்து வயிற்று வலி வந்தால் ரேஸ் அவ்வளவுதான். மெதுவாகச் சீட்டியடித்தால் குதிரை சிறுநீர் விடும், அப்படிப் பழக்கியிருப்பார்கள். அடித்தேன். அவள் அசையவில்லை.

அப்போது... இடது மூலையிலிருந்து ஒரு சீட்டி.

மெல்ல. இழுத்து இழுத்து. மூச்சு வாங்குகிறவன் அடிப்பது போல.

மின்னு உடனே சிறுநீர் விட்டாள்.

கதவை நோக்கித் தடவிக்கொண்டே போனேன்.

டக்... டக்... டக்...

சுவரின் அடியில், தரையோரமாக. மின்னு உதைக்கிறாளோ? திரும்பிப் போய் அவள் கால்களைத் தடவினேன். நான்கும் தரையில் ஊன்றியிருந்தன. நடுங்கிக்கொண்டிருந்தன.

பாய்ந்து போய்க் கதவில் அறைந்தேன்.

"அண்ணே! தொறங்கண்ணே!"

முன்னால் பாட்டுச் சத்தம்.

தட்டினேன்.

டக்... டக்...

என்னோடு சேர்ந்து யாரோ தட்டினார்கள். என் முட்டிக்குக் கீழே.

பிறகு... என் கணுக்காலை ஒரு கை பிடித்தது.

வியர்வையில் நனைந்த கை.

கத்தினேன்.

கதவு திறந்தபோது பெரம்பலூர் வந்திருந்தது. மணி எட்டே கால். அப்படியே ரோட்டில் விழுந்தேன்.

"எவ்ளோ நேரமா தட்டுறேன், காது கேக்கலியா?"

"கேட்டுச்சு தம்பி. குதிரைதான் ஒதைக்குதுன்னு நெனச்..."

பாதியிலேயே நிறுத்திவிட்டார். முகம் வெளுத்துப்போனது. என்னை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார். அந்தச் சின்னக் கதவைத் தாழிடவில்லை, கயிற்றால் கட்டினார். சென்னை வரை பாட்டும் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மின்னு ஜெயித்தாள். எல்லோரும் கத்திக் குதித்தபோது இளையபெருமாள் மட்டும் லாயத்துக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"மாயவன் வேலைய விடல தம்பி. போன மாசம் இவள ஏத்திக்கிட்டு பண்ணைக்கு வந்தப்ப, இதே வேன்லதான் செத்தான். மாரடைப்பு. ரேஸ் முடியிற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"நீங்க நிறுத்தலியாண்ணே?"

"தட்டுனான். குதிரை ஒதைக்குதுன்னு நெனச்சு பாட்டு சத்தத்தக் கூட்டி வச்சேன்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தொறந்தப்ப அந்தக் கதவுகிட்டதான் கெடந்தான், இடது மூலையில. இவ அவன் மேல ஒரு கால்கூட படாம, வலது செவுத்தோட ஒட்டி நின்னா."