தசையில் தெரிந்த பட்டை

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே கால். தாம்பரம் கிழக்கில் இருந்த எங்கள் ஆய்வுக்கூடத்தில், ஜெல்லைப் புற ஊதா விளக்கின் மேல் வைத்தேன். வரக்கூடாத இடத்தில் ஒரு பட்டை ஒளிர்ந்தது.

நான் அங்கே டெக்னீஷியன். எலியின் உள்காதைப் பிரித்தெடுப்பது என் வேலை. துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். அதிலிருந்து ஆர்.என்.ஏ. எடுத்து பி.சி.ஆர். ஓட்டுவது, பொழிச்சலூரிலிருந்து வரும் பிஎச்.டி. மாணவி ஷாஹினாவின் வேலை. ஏ.டி.பி. என்ற நியூக்ளியோடைடை உணரும் ஏற்பி ஒன்றின் மரபணு உள்காதில் இயங்குகிறதா என்பது அவளுடைய கேள்வி. இயங்கினால் ஜெல்லில் பட்டை தெரியும். மூளையில் அது உறுதியாக உண்டு. ஒப்பிடுவதற்காக அதையும் ஓட்டுவோம். ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர், எங்கள் சார், சொன்னதால் அன்றுதான் முதல்முறையாகக் கழுத்துத் தசையையும் சேர்த்திருந்தோம். அதில் எதுவும் வரக்கூடாது.

வந்தது. மெல்லியதாக, ஆனால் தெளிவாக.

“தசையில எப்படிம்மா வரும்?” என்றார் சார். “புதன்கிழமை உன் பிஎச்.டி. கமிட்டில முதல்ல இதைத்தான் கேப்பாங்க. காதுல தெரியறது மட்டும் நிஜம்னு எப்படிச் சொல்லுவே?”

“வெறும் தண்ணி ஓட்டின வரிசை சுத்தமா இருக்கு சார். டி.என்.ஏ. கலப்பும் இல்ல.” ஷாஹினா என் பக்கம் திரும்பினாள். “அண்ணா, இந்த எலிக்குக் கழுத்துலயும் மூளையா?”

சார் சிரிக்கவில்லை. ஏழு மாத வேலை அது. அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

நான் என் நோட்டில் முந்தின நாள் பக்கத்தைத் திறந்தேன். முறைப்படி என்ன செய்ய வேண்டும் என்பதை நான் எழுதுவதில்லை. கை என்ன செய்தது என்பதை நேரத்தோடு எழுதுவேன். ‘10.07 மூளைத் துண்டு. 10.12 இடது காது. 10.20 வலது காது. 10.24 தசை.’ மூளையை எடுத்தால்தான் காது எலும்பு கைக்குக் கிடைக்கும், வரிசை சரி. ஆனால் நான்கு வரியின் முடிவிலும் ‘ஃபோர்செப்ஸ் எண் 3’, ஒரே இடுக்கி. நடுவே ‘ஆல்கஹாலில் துடைத்தேன்.’ ஆல்கஹால் கிருமியைக் கொல்லும், ஆர்.என்.ஏ.வை அழிக்காது. முனையில் ஒட்டியிருந்த மூளையைக் காதுக்கும் தசைக்கும் கொண்டுபோனவன் நான்தான்.

“ஷாஹினா, தப்பு உன்னுது இல்லம்மா. என்னுது.”

நோட்டை இரண்டு முறை படித்தாள். “இதையெல்லாமா எழுதி வெக்கிறீங்க?” என்றவள் குரலை இறக்கிக் கேட்டாள்: “அப்ப காதுல வந்ததும் மூளைதானா அண்ணா?”

பழைய சாம்பிள்கள் எல்லாமே நான் எடுத்தவை.

திங்கட்கிழமை புது எலி. மூன்று ஃபோர்செப்ஸை ஓவனில் சுட்டு எடுத்து நூல் கட்டினேன்: மூளைக்குச் சிவப்பு, காதுக்கு நீலம், தசைக்கு மஞ்சள். காது எலும்பைத் திறப்பதற்கு முன் அதைக் குளிர்ந்த சலைனில் மூன்று முறை அலசினேன்.

செவ்வாய் மதியம் ஜெல். தசை இருந்த இடம் வெறும் இருட்டு. காது இருந்த இடத்தில், முன்பைவிட வெளிறிய ஒரு பட்டை.

“லைட்டாத்தான் இருக்கு,” என்றாள் ஷாஹினா, கண்ணை எடுக்காமல். “ஆனா காதோடது.”

சார் படத்தைப் பார்த்துவிட்டு, “நாளைக்குக் கமிட்டில இதைக் காட்டு. ஆனா பழையதெல்லாம் திரும்ப எடுக்கணும்,” என்றார். எடுத்தோம். மூன்று மாதம் ஆயிற்று.

வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நோட்டில் உங்கள் கை செய்ததை எழுதுங்கள். என் தவற்றை எனக்குக் காட்டிக் கொடுத்தது என் கையெழுத்துதான். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, 10.12 வரியின் பக்கத்தில் ஷாஹினா ஒட்டிவைத்த நீல நூலும் இருக்கிறது.