மேஸ்திரி திருப்பித் தராத கத்தி

முதுகுல கொக்கி வச்ச எங்க பக்கத்துக் கரும்புக் கத்திய இப்ப யாரும் அடிக்கிறதில்ல. நானும் மச்சானும் பட்டறையில மறுபடி அடிச்சோம்.

இன்னைக்கு பெண்ணாடத்துல கரும்பு வெட்டுற மேஸ்திரிகிட்ட எடுத்துட்டுப் போனோம். அவரு வேணாம்னுட்டா இந்தக் கத்தி அடிக்கிறத அதோட விட்டுடலாம்னு இருந்தோம்.

"மியூசியத்துல வைங்கப்பா"ன்னு சிரிச்சாரு.

ஆனாலும் ஒரு கரும்ப வெட்டி, கொக்கியால காஞ்ச சோகை இலைய உரிச்சுப் பார்த்தாரு. அப்புறம் சிரிக்கல. வெட்டிக்கிட்டே போனவரு வரப்புகிட்டதான் நின்னாரு.

"குடுங்க மாமா, கிளம்புறோம்"னேன்.

"கத்திய கைக்குக் கை குடுத்தா சண்டை வரும்."

"அப்ப கீழ வைங்க, எடுத்துக்குறேன்."

"வெட்டு முடியட்டும், வைக்கிறேன்."

இந்த சீசன் வெட்டு முடிய பங்குனி ஆவும், இன்னும் மாசக்கணக்குல இருக்கு.

வெறுங்கையோட, சிரிச்சுக்கிட்டே பஸ் ஏறிட்டோம். இதைத் திருட்டுன்னு சொல்றதா, ஆர்டர்னு சொல்றதா? நீங்களே சொல்லுங்க.