பயணிகளுக்கு மட்டும்

எண்பதுகளின் கடைசியில், லாஸ்பேட்டையில் விமானம் வந்து இறங்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மில் கேன்டீனில் பதினோரு வருஷம் இட்லி ஊற்றிய வேலையை ஒரே நாளில் விட்டேன். விமான நிலைய வேலிக்கு எதிரே கீற்றுக் கொட்டகை போட்டேன். ஆறு பிரம்பு நாற்காலி, பீங்கான் கோப்பை, மேசைக்கு வெள்ளைத் துணி. விமானத்தில் வருகிறவர்கள் கண்ணாடி கிளாஸிலா டீ குடிப்பார்கள்?

என் வீட்டுக்காரர் சிரித்தார். "மழைக்குள்ள கடை ஓடலேன்னா, மூட்டையக் கட்டிக்கினு மறுபடியும் கேன்டீனுக்கே போயிடணும், சொல்லிட்டேன்" என்றார். கேன்டீன் மேஸ்திரியின் முன்னால் கரண்டியை வீசிவிட்டு வந்தவள் நான். எந்த முகத்தோடு திரும்பிப் போவது?

விமானம் வந்தது. சின்ன விமானம்தான். இறங்கிய சொற்பப் பேரும் வாசலில் காத்திருந்த கார்களில் ஏறிப் போனார்கள். அந்தக் கார்கள் கிளப்பிய புழுதி மட்டும் என் கடைக்குள் வந்தது. அடுத்தடுத்த நாட்களும் அதே கதைதான்.

ஆனால் வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. சாரம், மூலக்குளம் என்று சுற்றுப்பக்கத்து ஊர்களிலிருந்து சைக்கிளில் குடும்பம் குடும்பமாக வருவார்கள். விமானம் வரும்வரை வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கால் கடுத்தால் என் நாற்காலியைத் தேடி வருவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இது பயணிங்களுக்கு, எழுந்திரிங்க" என்று விரட்டுவேன். தினமும் கத்த முடியாமல், 'பயணிகளுக்கு மட்டும்' என்று ஓர் அட்டையில் எழுதியும் தொங்கவிட்டேன்.

ஒரு சாயங்காலம் நிறைமாதக்காரி ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். அவளையும் எழுப்பினேன். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு எழுந்தாள். கோபப்படவில்லை.

"ஒரு மாசமா வரேங்க்கா. இந்தச் சேர்ல ஒரு ஆளு குந்தி நான் பாத்ததில்ல. யாருக்குத்தான் வச்சிருக்க?"

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அட்டையைக் கிழித்து அடுப்பில் போட்டேன். ஆறு நாற்காலிகளையும் வெளியே இழுத்து, வேலியைப் பார்த்தபடி போட்டேன். அவள் கையைப் பிடித்து முதல் நாற்காலியில் உட்கார வைத்தேன்.

கோப்பைகள் பரணுக்குப் போயின. கண்ணாடி கிளாஸில் டீ, சூடாக மசால்வடை, பிள்ளைகளுக்குச் சுண்டல். விமானம் தாமதமானால் பயணிகள் முகம் சுளிப்பார்கள். எனக்கு இன்னும் இரண்டு ஈடு வடை போகும். மழைக்காலம் வந்தபோது, சிரித்த அந்த மனுஷரே கொட்டகை மேல் ஏறித் தார்ப்பாய் கட்டினார். சாயங்காலங்களில் வந்து கிளாஸ் கழுவிக் கொடுத்தார். நான் ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. கொஞ்சம் சத்தமாகப் பாட்டு முணுமுணுத்தேன், அவ்வளவுதான்.

மழை விட்ட பிறகு ஒரு நாள், விமானத்திலிருந்து இறங்கிய ஒருவர் பெட்டியோடு நேராகக் கடைக்கு வந்தார். அவருடைய கார் இன்னும் வரவில்லையாம். ஆறு நாற்காலியும் நிறைந்திருந்தது. முதல் நாற்காலியில் அதே பெண். மடியில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் என் காதருகே குனிந்தார். "ப்ளேன்ல வந்தவரும்மா. யாரையாச்சும் எழுப்பு."

"காலு இருக்குதில்ல? நிக்கட்டும்" என்றேன்.

என் கடைக்கு வந்த முதல் விமானப் பயணி, நின்றுகொண்டே நாலு வடை தின்றார்.